அத்தியாயம் 3: புது வீட்டில் முதல் நாற்பது நாள்

இந்த அத்தியாயம் இரண்டு வகைக் குடும்பங்களுக்கு. உம்மா, வாப்பாவின் வளவுக்குள்ளேயே மகளுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டில் கல்யாணம் முடித்துக் குடிபுகும் இளம் தம்பதியர் ஒரு வகை. கடற்கரையில் காணி நெருங்கிப்போனதால் சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கமிருந்து உள்ளே வந்து இறக்காமத்திலோ வரிப்பத்தான்சேனையிலோ வளவு வாங்கிக் கட்டியவர்கள் மற்ற வகை. வேலை இருவருக்கும் ஒன்றுதான், அதைச் செய்யும் ஒழுங்கும் ஒன்றுதான்.

அந்த ஒழுங்கைத்தான் பலரும் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். முதலில் விருந்துக்கு நாள் குறிக்கிறார்கள். பிறகு பெயின்ற், திரைச்சீலை, சாமான். கிணற்றை எட்டிப் பார்ப்பது பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்த பிறகு. இங்கே சொல்லும் வரிசை வேறு: தண்ணீர், கறன்ட், படுக்கை, குசினி, அயல், பத்திரம், கடைசியில் விருந்து. நாற்பது நாளில் இவ்வளவையும் முடிக்கலாம்.

எந்த மாதம் என்று கேட்டால் ஓகஸ்ட், செப்டெம்பர் என்பேன். சிறுபோக வெட்டு முடிந்திருக்கும், ட்ரக்டரும் கூலியாளும் கிடைப்பார்கள், கிணற்று நீர் தாழ்ந்திருக்கும். ஒக்டோபர் கடைசியில் மழை பிடித்தால் ஜனவரி வரை விடாது.

தண்ணீர்: குடிபுக ஒரு வாரத்துக்கு முன்

குழாய் நீர் இருந்தாலும் கிணற்றை விட்டுவிடாதீர்கள். குழாய் நிற்கும் நாளில் எல்லோரும் கிணற்றுக்குத்தான் ஓடுவார்கள். கட்டட வேலை நடந்த வளவில் சீமெந்துத் தூள், பெயின்ற் கழுவிய நீர், மரத்தூள் எல்லாம் கிணற்றைச் சேர்ந்திருக்கும்.

1. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே அளவுநாடா பிடித்துப் பாருங்கள். 50 அடிக்குக் குறைந்தால் அந்தக் கிணற்று நீரைக் குடிக்க வேண்டாம். பக்கத்து வளவுக்காரரின் மலக்குழியையும் அளக்க மறக்காதீர்கள். மதிலுக்கு அப்பால் இருப்பது கண்ணில் படாது, கசிவு மட்டும் வந்து சேரும்.

2. கிணற்றை இறைத்து, அடியில் படிந்த சேற்றை அள்ளுங்கள். நிலம் மழையில் ஊறியிருக்கும் காலத்தில் ஒரேயடியாக முழுதும் இறைக்கக் கூடாது. வெளியே நீர் உயர்ந்தும் உள்ளே வெறுமையாகவும் இருந்தால் கிணற்றுச் சுவர் இடிந்து விழலாம்.

3. இறைத்த பிறகு புது நீர் ஊறி மட்டம் நின்றதும் அளவெடுங்கள். கிணற்றின் விட்டத்தை அடிக் கணக்கில் அளந்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். வருவதை நீரின் ஆழத்தால் பெருக்குங்கள். கடைசியில் 22 ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ லீற்றர் கணக்கு வந்துவிடும். 5 அடி விட்டமும் 6 அடி நீரும் உள்ள கிணற்றில் 5 × 5 × 6 × 22, அதாவது 3,300 லீற்றர்.

4. அந்தக் கணக்கை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பாருங்கள். எவ்வளவு குளோரின் தூள், எப்படிக் கரைப்பது என்று அவர் சொல்லுவார். கண்ணளவில் அள்ளிக் கொட்டாதீர்கள். தூளின் வீரியம் சரைக்குச் சரை மாறும்.

5. குளோரின் இட்டபின் ஒரு நாள் முழுக்கக் கிணற்றைத் தொடாமல் விடுங்கள். பிறகு மணம் போகும்வரை இறைத்து ஊற்றுங்கள். அதன் பின்னும் குடிநீரைக் கொதிக்க வைத்தே குடிப்பது நல்லது.

எச்சரிக்கை: கிணற்றுக்குள் இறங்குபவரின் இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் பிடித்து நிற்க வேண்டும். மண்ணெண்ணெய், பெற்றோல் இயந்திரத்தை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்கி இயக்காதீர்கள். அதன் புகை உள்ளே தங்கி இறங்கியவரின் உயிரை எடுத்துவிடும். ஒருவர் மயங்கி விழுந்தால் அவரைத் தூக்க இன்னொருவர் குதிக்கவே கூடாது. இரண்டாவது மையத்து அப்படித்தான் விழுகிறது.

கடற்கரையிலிருந்து வந்தவர்களுக்குத் தனியாக ஒரு சொல். உங்கள் ஊர் மணல், கழிவுநீரை ஊற்றியதும் குடித்துவிடும். இங்கே வயலோரக் களிமண் அப்படிக் குடிக்காது. கடற்கரையில் கட்டிய அதே அளவில் ஊறல் குழி கட்டினால் மார்கழி மழையில் அது நிறைந்து குளியலறைக்குள் திரும்பி வரும். குழியை அகலமாக, வளவின் தாழ்ந்த பக்கத்தில், கிணற்றுக்கு எதிர்த் திசையில் வையுங்கள். கழிப்பறையை இன்னும் கட்டவில்லை என்றால் கிப்லாவின் திசையை மேசனுக்கு நிலத்தில் கோடு போட்டே காட்டிவிடுங்கள். நம் நாட்டில் கிப்லா நேர் மேற்குக்குச் சற்று வடக்காக இருக்கும். இருக்கையைப் பதித்த பிறகு திருப்புவது என்றால் சீமெந்தை உடைக்க வேண்டும்.

கறன்ட்: ஒரு பொத்தான், ஒரு நிமிடம்

மீற்றருக்குப் பக்கத்தில் ட்ரிப் சுவிட்ச் இருக்கும். அதில் 'T' என்று எழுதிய சிறு பொத்தானை அமர்த்துங்கள். உடனே சுவிட்ச் விழுந்து வீடு முழுக்க இருண்டால் அது வேலை செய்கிறது. விழவில்லையென்றால் சாமான் ஏற்றும் நாளைத் தள்ளிவைத்து எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகுமுன் என்று வழக்கமாக்கிக்கொண்டால் மறக்காது.

அடிக்கடி காணும் பிழைகள்: கிணற்று மோட்டருக்கு நிலத்தோடு வயர் இழுப்பது, துணி காயப்போடும் கம்பியைத் தகரக் கூரையோடு கட்டுவது, ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று அதைத் தவிர்த்து நேர் இணைப்புக் கொடுப்பது. அது விழுந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவைத் தேடுங்கள்.

சாமான் ஏற்றும் நாள்

பட்டா லொறியோ ட்ரக்டர் பெட்டியோ எதுவானாலும் ஏற்றும் வரிசையில்தான் நிம்மதி இருக்கிறது.

1. முதலில் முஸ்ஹபும் தொழுகைப் பாயும் போகட்டும். கூடவே ஒரு வாளி, ஒரு துடைப்பம், ஒரு ரோர்ச் லைட்.
2. அடுத்து கட்டில்களும் நுளம்பு வலைகளும். இவை இல்லாமல் யாரும் இரவு தங்க வேண்டாம்.
3. பிறகு குசினிச் சாமான். கேஸ் சிலிண்டரை நிமிர்த்தி வைத்து, கட்டி, தனியாகக் கொண்டுபோங்கள். படுக்க வைக்கவோ ஆட்கள் இருக்கும் மூடிய வானில் ஏற்றவோ கூடாது.
4. அலுமாரி, கதிரை, தொலைக்காட்சி எல்லாம் மறுநாள் வந்தாலும் குடி முழுகாது.
5. உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பிள்ளைகளின் மருத்துவப் புத்தகம் ஆகியவற்றை ஒரு பொலித்தீன் பையில் போட்டு வீட்டுக்காரி கையோடு கொண்டுபோக வேண்டும். லொறியில் ஏற்ற வேண்டாம்.

குறிப்பு: சாமான் சுற்றி வந்த பொலித்தீன், வெற்றுப் பெயின்ற் வாளி, சிரட்டை, உடைந்த ஓடு எல்லாவற்றையும் அன்றே அப்புறப்படுத்துங்கள். ஒரு மழை பெய்தால் டெங்கு நுளம்புக்கு அது போதும். முட்டை நுளம்பாவதற்கு ஒரு வாரம் அளவில் பிடிக்கும். ஆகவே வாரம் ஒருமுறை வளவைச் சுற்றி வந்து தேங்கிய நீரைக் கவிழ்ப்பது வீட்டில் ஒருவரின் வேலையாக இருக்க வேண்டும்.

முதல் இரவு

குடிபுகுந்த அன்றைக்கு எல்லோரும் களைத்துப்போய் நிலத்தில் பாயை விரித்து விழுவதுதான் வழக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வயலும் குளமும் சூழ்ந்த ஊர் இது. ஆளில்லாமல் கிடந்த வீட்டில் எலி இருக்கும், எலியைத் தேடிப் பாம்பு வரும். கட்டுவிரியன் இரவில் நிலத்தில் தூங்குபவரைக் கடிக்கும் பாம்பு. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அநேகமாக இராது. கடிபட்டவர் எறும்பு என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிடுவார். விடியும்போது வயிற்றுவலி வரும், கண்ணிமை தொங்கும், மூச்சு முட்டும்.

1. மஃரிபுக்கு முன் எல்லா அறைகளிலும் மூலைமுடுக்கெல்லாம் ரோர்ச் அடித்துப் பாருங்கள். கதவுக்கு அடியில் விரல் போகும் இடைவெளி இருந்தால் சாக்கைச் சுருட்டி அடையுங்கள்.
2. எல்லோரும் கட்டிலில் படுங்கள். நுளம்பு வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். கட்டில் போதாவிட்டால் நிலத்தில் படுப்பவருக்கும் வலை கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் மடியுங்கள்.
3. விறகு, ஓடு, செங்கல் குவியலை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். அதைத் தொடும்போது கையை விடாமல் முதலில் தடியால் கிளறுங்கள்.
4. இரவில் வெளியே போக ரோர்ச்சும் செருப்பும் கட்டாயம்.

கடிபட்டால் அறுக்கக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுகக் கட்டக் கூடாது. ஆளை நடக்க விடாமல் கிடத்தி 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வலி இல்லை என்பதற்காக வீட்டில் வைத்துப் பார்த்திருக்க வேண்டாம். பாம்பைப் பிடிக்கப் போய் இன்னொருவர் கடிபட்ட கதைகள் நம் ஊர்களில் நிறைய உண்டு.

குசினி

கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் நிலத்தோடு தங்கும். அதனால் சிலிண்டரைப் பள்ளத்திலோ மூடிய பெட்டிக்குள்ளோ வைக்காதீர்கள். ரெகுலேற்றரைப் பூட்டியதும் இணைப்புகளில் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். குமிழ் வந்தால் கசிகிறது. குழாயை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மணம் வந்தால் சிலிண்டரை மூடி, யன்னல்களைத் திறந்து, வெளியே போங்கள். சுவிட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்.

விறகடுப்பையும் ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். 2022 இல் கேஸுக்கு வரிசை நின்ற நாட்களில் விறகடுப்பு உள்ள வீடுகளில்தான் நேரத்துக்குச் சோறு வெந்தது.

வளவும் அயலும்

கிழக்குக் கரையில் வீடு பெண்ணோடு போகும். முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் உள்ள வழக்கம் இது. ஆகவே புது வீட்டில் உண்மையான புதியவர் மாப்பிள்ளைதான். பெண்ணுக்கு அது பிறந்த வளவு. அவருக்கோ யார் வீட்டு வாசலால் கிணற்றுக்குப் போகலாம், எந்தக் கடப்பு யாருடையது என்பதுகூடத் தெரியாது. மாமனார் முதல் ஜும்ஆவுக்கு மருமகனைத் தன்னோடு கூட்டிப்போய் நாலு பேருக்கு அறிமுகப்படுத்தினால் ஒரு வருடம் செய்யும் வேலையை அந்த அரை மணித்தியாலம் செய்துவிடும்.

ஒரே வளவில் மூன்று குசினி, ஒரு கிணறு என்றால் மனஸ்தாபம் வரும் இடங்கள் எனக்குத் தெரிந்து இரண்டு: கறன்ட் பில், மோட்டர். இரண்டையும் குடிபுகுமுன் பேசி முடியுங்கள். மீற்றர் தனித்தனியாக இருக்கட்டும். கிணறு பொதுவாக இருக்கட்டும், ஆனால் அதை இறைப்பது எந்த மாதம், செலவில் யாருக்கு எத்தனை பங்கு என்று வாயால் சொல்லிவிடுங்கள். "நம்மட புள்ளதானே, பொறகு பாப்பம்" என்று விட்ட கணக்குகள்தான் ராத்தாவையும் தங்கச்சியையும் பேசாமல் ஆக்குகின்றன.

வெளியூரிலிருந்து வந்தவர்கள் முதல் வாரத்திலேயே பள்ளிவாசலில் குடும்பத்தைப் பதிந்து சந்தாவைத் தொடங்குங்கள். கல்யாணம், ஜனாஸா இரண்டுக்கும் அந்தப் பதிவு வேண்டும். அவசரம் வந்த பிறகு பதியப் போவது எல்லோருக்கும் சங்கடம். இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் எதிர் வீட்டுக்கும் ஏதாவது சமைத்துக் கொடுத்தனுப்புங்கள். மாணிக்கமடுவுக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு அயலவர் தமிழராக இருப்பார்கள். அவர்கள் உண்ணாத இறைச்சியைத் தவிர்த்து, பழமோ இனிப்போ அனுப்புவது மரியாதை.

பத்திரங்கள்: இரண்டாம் வாரம்

1. காணி உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அரச காணி என்றால், நொத்தாரிசிடம் போய் நினைத்தபடி மகளுக்கு எழுதிவிட முடியாது. பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும். அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளரின் பெயர் பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாப்பா மௌத்தான பிறகு சகோதரர்கள் வழக்குக்குப் போவது பெரும்பாலும் இந்த ஒரு வரி இல்லாததால்தான்.

2. வளவின் ஒரு பகுதி வயல் என்றால் மண் நிரப்பாதீர்கள். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி முன் அனுமதி இல்லாமல் வயலை நிரப்புவது குற்றம். பக்கத்து வயலுக்கு நீர் போகும் வழியும் அடைபடும்.

3. கிராம உத்தியோகத்தரிடம் குடும்பத்தைப் பதிந்து, வாக்காளர் இடாப்பில் பெயரை இங்கே மாற்றுங்கள். பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்கும்போது வதிவிடத்துக்கு இதுவே சாட்சி. பிள்ளைக்கு ஐந்து வயதான பிறகு ஓடிப் பயனில்லை.

4. கர்ப்பிணியோ சிறு பிள்ளையோ இருந்தால் குடும்பநல மாதுவிடம் பதியுங்கள். தடுப்பூசி இடையில் அறுந்துபோகாமல் இருக்க இது தேவை.

5. மின்சாரம், நீர் இரண்டின் கணக்கையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

விருந்து: இப்போது நாள் குறியுங்கள்

பால் காய்ச்சுபவர்கள் காய்ச்சட்டும், யாசீன் ஓதுபவர்கள் ஓதட்டும், இரண்டும் வேண்டாம் என்பவர்கள் துஆவோடு நிறுத்தட்டும். நான் பேச வந்தது சோற்றைப் பற்றி.

2017 ஏப்ரலில் இதே இறக்காமத்தில் கந்தூரிச் சாப்பாடு உண்டவர்கள் நூற்றுக்கணக்கில் வைத்தியசாலைகளுக்குப் போனார்கள். உயிர்களும் போயின. நல்ல நிய்யத்தில் ஆக்கிய சோறு அது. நூறு, இருநூறு பேருக்கு ஒரே கிடாரத்தில் சமைப்பதில் உள்ள ஆபத்து எந்த வீட்டுக்கும் பொது. ஆகவே விருந்து வைக்கும் எவரும் கீழே உள்ளதை வரிக்கு வரி கடைப்பிடிக்க வேண்டும்.

1. இறைச்சியை முதல்நாள் இரவே அறுத்து வெளியில் வைக்காதீர்கள். அறுப்பதும் சமைப்பதும் ஒரே காலையில் நடக்கட்டும். இடையில் வைக்க நேர்ந்தால் ஐஸ் பெட்டியில் வையுங்கள்.

2. சமையலுக்கும் கழுவவும் எடுக்கும் நீர் குளோரின் இட்ட கிணற்று நீராகவோ குழாய் நீராகவோ இருக்க வேண்டும். குளத்து நீரும் வாய்க்கால் நீரும் பாத்திரம் கழுவக்கூட வேண்டாம்.

3. பச்சை இறைச்சி வெட்டிய பலகை, கத்தி, வாளியைச் சமைத்த சாப்பாட்டுப் பக்கம் கொண்டுவராதீர்கள். இரண்டுக்கும் ஆட்களையும் பிரித்துவிடுவது இன்னும் நல்லது.

4. சமையல் முடியும் நேரத்தைப் பந்திக்கு ஒட்டி வையுங்கள். லுஹருக்குப் பிறகு பந்தி என்றால் சுபஹுக்கே கிடாரத்தை இறக்கிவிடக் கூடாது. ஆக்கிய சாப்பாடு சூடில்லாமல் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நிற்கலாகாது. பிந்தினால் தணலை விடாமல் வையுங்கள். மூடியைத் திறந்தால் ஆவி எழ வேண்டும்.

5. பெரிய கிடாரத்தில் மேலே ஆறியிருக்கும், நடுவில் வெதுவெதுப்பாக இருக்கும். கிருமி பெருகுவது அந்த வெதுவெதுப்பில். மீந்ததை அகலத் தட்டுகளில் பரப்பி விரைவாக ஆற்றி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மூடிய கிடாரத்தில் இரவு முழுக்க விட்ட சோற்றைச் சுடவைத்தாலும் உண்ண வேண்டாம். சில நஞ்சுகள் சூட்டுக்கு அழியாதவை.

6. வீட்டுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதானால் கொடுக்கும்போதே "இப்பவே சாப்பிட்டுடுங்க, இரவுக்கு வைக்காதீங்க" என்று சொல்லிக் கொடுங்கள். சொல்ல வெட்கப்படாதீர்கள்.

7. காய்ச்சல், வயிற்றோட்டம், கையில் சீழ்ப்புண் உள்ளவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் அன்று சமையலில் கைவைக்க வேண்டாம்.

சஹனில் சேர்ந்து உண்பது நம் அழகான வழக்கம். கை கழுவச் சவர்க்காரத்தையும் ஓடும் நீரையும் பந்திக்கு முன்னால் வைத்துவிட்டால் அதில் ஒரு குறையும் இல்லை.

மழைக்கு முன்

கூரைத் தகரத்தையும் மரத்தையும் சுவரோடு கம்பியால் பிணைத்திருக்கிறார்களா என்று ஏணி வைத்துப் பாருங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட பெரியவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கூரை பறந்த கதையை அவர்களிடம் கேட்டால் கம்பிச் செலவு பெரிதாகத் தெரியாது. வீட்டுக்கு மேல் சாயும் முருங்கைக் கிளையையும் தென்னோலையையும் ஒக்டோபருக்கு முன் வெட்டுங்கள்.

வெட்டு முடிந்ததும் நெல் மூட்டையை வெளிச்சுவரை ஒட்டி அடுக்க வேண்டாம். யானைக்கு மணம் போதும், சுவரைத் தள்ளி எடுத்துவிடும். நெல்லை ஆலைக்கோ களஞ்சியத்துக்கோ கொடுத்துவிட்டு, சாப்பாட்டுக்கு வேண்டியதை மட்டும் உள்ளறையில் வையுங்கள். குசினிக் கழிவை வேலியோரம் கொட்டாமல் புதையுங்கள். பக்கத்துப் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று யானைகள் செத்தது 2022 இல் உலகச் செய்தியானது. குப்பை எங்கே கிடக்கிறதோ அங்கே அவை வரும். இரவில் வந்தால் வெளியே போய் விரட்டாதீர்கள். அது நிற்கும் பக்கத்துச் சுவரை விட்டு, மறுபக்கத்து அறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்.

வெள்ளம் பாயும் வீதியை ட்ரக்டரில் ஏறியாவது கடந்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். 2024 நவம்பர் 26 அன்று மாவடிப்பள்ளியில் ட்ரக்டரில் வந்த மத்ரஸா மாணவர்களை வெள்ளம் இழுத்துப்போனது. நம் வீட்டுக்குப் போகும் பாதையில் எந்த இடம் முதலில் மூழ்கும் என்பதை இந்த ஊரில் பிறந்தவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். அந்த இடத்தில் நீர் நின்றால் பிள்ளைகளைப் பாடசாலைக்கோ மத்ரஸாவுக்கோ அனுப்ப வேண்டாம். ஒரு நாள் பாடத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

இந்தப் பக்கத்தை மூடுமுன் ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, மின்சார சபை 1987, நீர் வழங்கல் சபை 1939 என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். கீழே பக்கத்து வீட்டாரின் இலக்கத்தையும் சேருங்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்த சின்னப் பிள்ளையின் கண்ணுயரத்தில், குசினிக் கதவுக்குப் பின்னால், இன்றைக்கே ஒட்டிவிடுங்கள்.